தி ஜார்ஜ்: லண்டன் பாலத்தோரம் தப்பிப் பிழைச்ச ஒரு பப்

[காட்சி: பரோ ஹை ஸ்ட்ரீட். பஸ்கள், அவசரமா நடக்கிற கூட்டம். கேமரா ஒரு சின்ன வாசலுக்குள்ள நுழையுது.]

வணக்கம். லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்துல இறங்கி, பரோ ஹை ஸ்ட்ரீட்ல தெற்கே கொஞ்ச தூரம் நடங்க. இடது கைப்பக்கம் ஒரு சந்து வாசல் வரும். வேகமா நடந்தா தவறவிட்டுடுவீங்க. உள்ளே போனா கல் பாவின பெரிய முற்றம். ஒரு பக்கம் முழுக்கப் பழைய கட்டடம். மேல்மாடிகள்ல முற்றத்தைப் பார்த்தாப்புல மரத் தாழ்வாரம் ஓடுது. இதுதான் தி ஜார்ஜ். இந்த மாதிரி தாழ்வாரம் வச்ச பழைய சத்திரங்கள்ல லண்டன்ல இன்னிக்கு மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்.

சத்திரம்னு தெரிஞ்சேதான் சொல்றேன். பப் என்றாலே குடிக்கிற இடம்னு நமக்கு ஒரு நினைப்பு. பழைய இங்கிலாந்துல அது மூணு விதமா இருந்தது. வீட்டுல காய்ச்சின ஏல் பீரை அங்கேயே விக்கிற சின்ன இடம் ஏல் ஹவுஸ். ஒயின் விக்கிறது டாவர்ன். வண்டி நிறுத்த, குதிரை கட்ட, சாப்பிட, ராத்திரி தங்க இடம் தர்றது இன். 1577-ல அரசாங்கம் வரி போடுறதுக்காகக் கணக்கெடுத்தப்போ, எண்ணின மாவட்டங்கள்ல ஏல் ஹவுஸ் மட்டும் 14,000-க்கு மேல. இன் 1,600 சொச்சம்தான். ஜார்ஜ் அந்தக் கடைசி வகை. இதோட கதையைப் புரிஞ்சுக்க பீரை விட ரோட்டைத்தான் முதல்ல பார்க்கணும்.

[காட்சி: தேம்ஸ் நதியின் பழைய வரைபடம். ஒரே ஒரு பாலம்.]

1750-ல வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கிற வரைக்கும், லண்டன் நகரத்துக்குள்ள தேம்ஸைக் கடக்க லண்டன் பாலம் ஒண்ணுதான். தென்கிழக்கு மாவட்டமான கென்ட்லேர்ந்து, அங்கே இருக்கிற கான்டர்பரிலேர்ந்து, டோவர் துறைமுகத்துலேர்ந்து வர்ற எல்லாரும் இந்தத் தெரு வழியாத்தான் வந்தாகணும். பாலமோ குறுகல், அதுக்கு மேலேயே வீடுகள் வேற. ராத்திரியானா கதவைச் சாத்திடுவாங்க. பொழுது சாய்ஞ்சு வந்து சேர்ந்தவங்க தெற்குக் கரையிலயே, சதர்க்குலயே தங்க வேண்டியதுதான்.

அதனாலதான் இந்தத் தெருவோட கிழக்கு ஓரம் முழுக்க வரிசையா சத்திரங்கள். ஜார்ஜுக்குத் தெற்கே டாபர்ட். பழைய ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதின கான்டர்பரி கதைகள்ல யாத்திரிகர்கள் கிளம்புற இடம் அதுதான். வடக்கே ஒயிட் ஹார்ட். 1450-ல கென்ட்லேர்ந்து கலகக்காரங்களோட வந்த ஜாக் கேட் அங்கேதான் தங்கினான். பேர் வெள்ளை மான் என்றதுக்கும் காரணம் இருக்கு: அது ரெண்டாம் ரிச்சர்ட் மன்னரோட சின்னம். படிக்கத் தெரியாதவங்க நிறைய இருந்த காலத்துல, மான், கழுகு, மணின்னு படம் போட்ட பலகைதான் முகவரி. ஜார்ஜுக்கு இங்கிலாந்தோட காவல் புனிதர் செயின்ட் ஜார்ஜ்.

1676-ல சதர்க்ல பெரிய தீ பிடிச்சது. லண்டன் பெருந்தீ முடிஞ்சு பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. ஜார்ஜும் எரிஞ்சு போச்சு. அடுத்த வருஷமே அதே இடத்துல திரும்பக் கட்டினாங்க. இப்ப நாம பார்க்கிறது அந்த 1677 கட்டடம். ஷேக்ஸ்பியர் உட்கார்ந்து குடிச்ச கூடம்னு யாராவது காட்டினா நம்பாதீங்க. அவர் இறந்தது 1616-ல. அதுக்கும் முன்னால இருந்த கட்டடத்துக்கு அவர் வந்திருக்கலாம், அவ்வளவுதான்.

இந்தத் தாழ்வாரத்துக்கு நாடகத்தோடயும் ஒரு உறவு இருக்கு. தனியா நாடக அரங்கம் கட்டுறதுக்கு முன்னால, இப்படிப்பட்ட சத்திர முற்றங்கள்ல மேடை போடுவாங்க. தரையில நின்னு பார்க்க ஒரு கூட்டம், தாழ்வாரத்துல உட்கார்ந்து பார்க்க ஒரு கூட்டம். பக்கத்துலயே 1599-ல எழும்பின, ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடந்த குளோப் அரங்கத்தோட அமைப்பிலயும் இதே சாயல்தான்.

[காட்சி: முன் அறை. சுவரில் பெரிய வட்டக் கடிகாரம்.]

சாலையை ஒட்டின முன் அறைக்குப் பேர் பார்லிமென்ட் பார். ஒரு காலத்துல குதிரை வண்டிக்குக் காத்திருக்கிறவங்களோட அறை இது. நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டை நினைச்சுக்கோங்க: சாமான் மூட்டை, வண்டி எப்போ வரும்னு கேள்வி, அவசரமா ஒரு வாய் சாப்பாடு. சுவர்ல இருக்கிற பெரிய கடிகாரத்துக்கும் பார்லிமென்ட் கடிகாரம்னே பேர். 1797-ல பிரதமர் பிட் கடிகாரங்களுக்கு வரி போட்டாரு, ஜனங்க கடிகாரத்தைக் கைவிட்டாங்க, அதனால சத்திரக்காரங்க பெரிய கடிகாரம் மாட்டினாங்கன்னு கதை சொல்வாங்க. ஆனா அந்த வரிக்கு ரொம்ப காலம் முன்னாலேயே சத்திரங்கள்ல இந்தக் கடிகாரம் உண்டு. வரியோ அடுத்த வருஷமே ரத்தாச்சு. குறிச்ச நேரத்துக்கு வண்டி கிளம்பற இடத்துக்குப் பெரிய கடிகாரம் வேணும், காரணம் அவ்வளவுதான்.

பீருக்கும் ரோட்டுக்கும் கூட சம்பந்தம் இருக்கு. பீருக்குக் கசப்பைக் கொடுத்து, சீக்கிரம் கெடாம காக்கிறது ஹாப்ஸ் என்ற கொடியோட பூ. அது விளையுற பெரிய பகுதி கென்ட். கென்ட் ரோடு வந்து முடியறது இங்கே. அதனால இந்தப் பகுதியே ஹாப்ஸ் வியாபாரத்துக்கு மையமாச்சு. 1867-ல திறந்த ஹாப் எக்ஸ்சேஞ்ச் கட்டடம் சில நிமிஷ நடை தூரத்துல இன்னும் நிக்குது.

அப்புறம் ரயில் வந்தது. 1836-ல லண்டன் பிரிட்ஜ் நிலையம் திறந்தாங்க, இதே தெருவுக்குப் பக்கத்துல. ஊர் ஊரா தண்டவாளம் நீள நீள, குதிரை வண்டிகள் ஒண்ணொண்ணா நின்னு போச்சு. முற்றம் காலியாச்சு, லாயம் காலியாச்சு, மேல்மாடிப் படுக்கையறைகளுக்கும் ஆள் இல்ல. ரோடு பிழைக்க வச்ச சத்திரத்துக்கு, ரோட்டுல ஆள் இல்லாமப் போனா வேற வழி ஏது?

டாபர்டை 1870-களிலேயே இடிச்சுட்டாங்க. 1889-ல ஒயிட் ஹார்ட்டும் போச்சு. ஜார்ஜை கிரேட் நார்தர்ன் ரயில்வே வாங்கி, சரக்கு வைக்கிற இடமாக்கிச்சு. மூணு பக்கமும் தாழ்வாரம் சூழ்ந்த முற்றம் அது. அதே 1889-ல ரெண்டு பக்கத்தை இடிச்சுட்டாங்க. தெற்குப் பக்கம் மட்டும் தப்பிச்சது. எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் மனசு கனக்கும். இருநூறு வருஷம் நின்ன மரவேலை, ஒரு கிடங்குக்கு இடம் வேணும்னு போயிடுச்சு.

1937-ல, அப்போ உரிமையாளரா இருந்த ரயில்வே கம்பெனியே இதை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடுத்தது. இன்னிக்கு இது முதல் தரப் பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கிற கட்டடம். அதைவிட எனக்குப் பிடிச்ச விஷயம், இதை அருங்காட்சியகமா பூட்டி வைக்கல. 568 மில்லி பைன்ட் கிளாஸோட ஆபீஸ் முடிஞ்சு வர்றவங்க முற்றத்துல உட்கார்ந்து பேசிக்கிட்டிருப்பாங்க.

[காட்சி: முற்றத்திலிருந்து வெளியே வந்து, தெருப் பெயர்ப் பலகைகள்.]

வெளியே வந்ததும் ரெண்டு பக்கமும் பாருங்க. ஒரு சந்துக்குப் பேர் ஒயிட் ஹார்ட் யார்டு. இன்னொண்ணு டால்பட் யார்டு. டாபர்டுக்குப் பின்னால வந்த பேர் டால்பட். உள்ளே போனா சத்திரம் எதுவும் இல்ல. நடுவுல இருக்கிற வாசல்ல மட்டும் இன்னும் விளக்கு எரியுது.