குழந்தை மண்டையோட்டில் காணாமல் போன கோடு

வணக்கம். இன்று காபி கூடக் கலக்காமல் கேமரா முன் உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவு கோபம். மூன்று வீடியோக்களாகச் சொல்லிக்கொண்டிருந்த மண்டையோட்டு மாதிரி நேற்று வந்துவிட்டது. ஆறு வயதுக் குழந்தையுடையது. விலை 4,850 ரூபாய், கூரியருக்கு 180 தனி. பால்பற்களுக்கு அடியில் நிலைப்பற்கள் முளைக்கக் காத்திருப்பதை எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள், பாருங்கள்! அதில் குறையே சொல்ல மாட்டேன்.

இப்போது மேல்மூடியைக் கழற்றுகிறேன். உள்ளே தெரிவது மண்டையோட்டின் அடித்தளம், அதாவது மண்டைத்தளம். நடுவில் ஸ்பீனாய்டு என்ற எலும்பு, அதன் பின்னால் பிடரி எலும்பு. இரண்டும் சேரும் இடம் வழுவழுவென்று ஒரே சரிவாக இருக்கிறது. கோடே இல்லை! ஆறு வயதில் அங்கே குருத்தெலும்பு இருக்க வேண்டும். பதின்ம வயதில்தான் அது எலும்பாகி மூடும், பெண்களுக்குச் சற்று முன்பாகவும் ஆண்களுக்குச் சற்றுத் தாமதமாகவும். விற்றவரிடம் கேட்டால், "பல்லைத்தானே பார்ப்பீர்கள்?" என்கிறார். பல்லுக்குக் கிளிப் போட்டுவிடும் மருத்துவர்களுக்குப் பல் மட்டும் போதும் என்ற இந்த நினைப்பு எனக்கு அறவே பிடிக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

மேல்தாடை மண்டைத்தளத்தின் முன்பகுதியோடு ஒட்டியிருக்கிறது. கீழ்த்தாடையோ பின்னால், காதுக்கு முன்னே பொட்டெலும்பில் இருக்கும் குழியில் மாட்டியிருக்கிறது. விரலை அங்கே வைத்து வாயைத் திறந்து மூடுங்கள், அசைவது தெரியும். நான் சொன்ன குருத்தெலும்பு மண்டைத்தளத்தின் அந்த முன்பகுதிக்கும் இந்தக் குழிக்கும் இடையில் இருக்கிறது. அது வளர வளர அந்தக் குழி பின்னோக்கிப் போகும், தாடையையும் கூடவே கொண்டுபோகும்.

அடடா, செல்லாவைச் சொல்லாமலே வந்துவிட்டேன். பிட்யூட்டரி சுரப்பி உட்கார்ந்திருக்கும் சின்னப் பள்ளம், சேணம் போல இருக்கும், இதோ. மூக்கின் வேரிலிருந்து செல்லாவுக்கு ஒரு கோடு, அங்கிருந்து தாடை மூட்டுப் பக்கம் இன்னொரு கோடு. இடையிலுள்ள கோணம் சராசரியாக 123 டிகிரி. விரிந்தால் கீழ்த்தாடை பின்வாங்கி நிற்கும் வாய்ப்பு அதிகம், குறுகினால் முன்னே துருத்தும் வாய்ப்பு. எல்லாருக்கும் அப்படியே நடக்காது. கீழ்த்தாடை கூடுதலாக நீண்டு ஈடுகட்டிவிடுவதும் உண்டு.

சரி, மாதிரியில் காணாமல் போன கோட்டுக்கு வருகிறேன். ஆக்ஸா பிளேடு வாங்கி, நாற்பது நிமிடம் பொறுமையாக அறுத்து, நீலக் களிமண்ணை அடைத்தேன். இந்த வெளிச்சத்தில் பாருங்கள், பளிச்சென்று தெரிகிறதா? இப்போதுதான் இது ஆறு வயது மண்டையோடு! பிளேடு பதினைந்து ரூபாய், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வீடியோவில் கோபன்ஹேகனின் ஆர்னே ப்யோர்க். குழந்தைகளின் தாடையில் சின்ன டான்டலம் ஊசிகளைப் பதித்து, ஆண்டுக்கணக்கில் எக்ஸ்ரே எடுத்து, தாடை சுழன்றபடி வளர்வதைக் காட்டியவர். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கோணம் அளப்போம், பாகைமானியை எடுத்து வையுங்கள்.