ஒற்றைக்காலில் நிற்கும் சொல்

நண்பர்களே, வணக்கம்.

ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். இன்று மாலை ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். இன்சிஸ்ட். அதன் பக்கத்து வீட்டுக்காரர்களான அர்ஜ், டிமாண்ட் எல்லாம் நடுநடுவே எட்டிப் பார்க்கும். ஒரு சொல்லுக்கு ஒரு கூட்டமா என்று நீங்கள் நினைக்கலாம். அந்தச் சொல்லால் அழுத ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் படித்தவள். சான்றிதழ் விஷயமாக வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். பல வாரமாகப் பதில் இல்லை. இரண்டாவது மடலில் 'ஐ இன்சிஸ்ட் யூ டு ரிப்ளை' என்று எழுதினாள். பதில் வந்தது, இரண்டே வரி, படித்தால் முகம் சுருங்கும் அளவுக்குக் கறாராக. "அகராதியில் வற்புறுத்து என்றுதான் சார் போட்டிருக்கிறது, வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன் என்றுதானே எழுதினேன்?" என்றாள். அவள் மேல் தப்பே இல்லை. 'வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்' என்பது நமக்குப் பணிவான வாக்கியம்தான். அதையே இன்சிஸ்ட் போட்டுச் சொன்னால், ஆங்கிலக்காரர் காதில் மேசையைத் தட்டுகிற சத்தம் கேட்கும்.

முதலில் அந்த வாக்கியத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் ஆளை வற்புறுத்துகிறோம்: 'அவனை வற்புறுத்தினேன்'. அந்த 'ஐ' உருபைத்தான் நாம் ஆங்கிலத்துக்கும் தூக்கிக்கொண்டு போகிறோம். அர்ஜ் அதை ஏற்றுக்கொள்ளும். 'ஐ அர்ஜ்டு ஹிம் டு ஸ்டே' சரியான ஆங்கிலம். இன்சிஸ்ட் ஏற்காது, டிமாண்டும் ஏற்காது. அர்ஜ் செய்கிறவர் எதிரே இருப்பவரின் தோளைத் தொட்டுப் பேசுகிறார். இன்சிஸ்ட் செய்கிறவர் ஆளைத் தொடுவதே இல்லை. தான் நிற்கும் இடத்தைவிட்டு நகர மாட்டேன் என்கிறார், அவ்வளவுதான்.

நிற்கும் இடம் என்று யோசித்துத்தான் சொன்னேன். அந்தச் சொல்லின் வேர் லத்தீன். இன்சிஸ்டெரே என்றால் ஒன்றின் மேல் நிற்பது. பெர்சிஸ்ட், ரெசிஸ்ட், டெசிஸ்ட் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்: விடாமல் நிற்பது, எதிர்த்து நிற்பது, நிறுத்திக்கொள்வது. சரி, நம் வீட்டில் எப்படிச் சொல்கிறோம்? 'போயே தீருவேன் என்று நிற்கிறான்.' 'ஒற்றைக்காலில் நிற்கிறாள்.' லத்தீன்காரருக்குத் தோன்றிய அதே படம் நம் பாட்டிமார்களுக்கும் தோன்றியிருக்கிறது. அகராதியில் 'வற்புறுத்து' என்பதற்குப் பக்கத்தில் 'என்று நில்' என்றும் போட்டிருந்தால் என் மாணவி அந்த மடலை எழுதியிருக்க மாட்டாள் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இன்சிஸ்டுக்கு இரண்டு வேலை. ஒன்று, இப்படி நடக்க வேண்டும் என்று நிற்பது. இன்னொன்று, இப்படித்தான் நடந்தது என்று அடித்துச் சொல்வது. தமிழில் இவை இரண்டும் வேறு வேறு வினைகள். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லின் தலையில் ஏற்றிவிட்டு, வித்தியாசத்தைப் பின்னால் வரும் வினையில் ஒளித்துவைக்கிறது. 'ஷி இன்சிஸ்டட் தட் ஹி டேக் த மெடிசின்' என்றால், அவன் மருந்து சாப்பிட்டே ஆக வேண்டும் என்று நின்றாள். 'டேக்' இருந்த இடத்தில் 'டுக்' வரட்டும். சாப்பிட்டுவிட்டான் என்று அடித்துச் சொன்னாள் என்று பொருள் மாறிவிடுகிறது. முதல் வாக்கியத்தில் மருந்து இன்னும் குப்பியில் இருக்கிறது, இரண்டாவதில் வயிற்றுக்குள் போய்விட்டது. நோயாளியின் நிலைமையே அந்த ஒரு உயிரொலியில்தான் இருக்கிறது!

'ஹி' வந்தால் 'டேக்ஸ்' என்றல்லவா பள்ளியில் படித்தோம் என்று கேட்பீர்கள். இங்கே நடப்பது வேறு. இன்னும் நடக்காத, நடக்க வேண்டிய செயலுக்கு வினையின் வெறும் வடிவத்தைப் போடுவது ஆங்கிலத்தின் பழைய வழக்கம். அது தேய்ந்துகொண்டே வந்தது. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் அதற்கு மறுபடியும் உயிர் கொடுத்தார்கள். போகக் கூடாது என்பதற்கு அவர்கள் 'தட் ஹி நாட் கோ' என்றே சொல்வார்கள். பிரிட்டனில் 'ஷுட்' சேர்த்து 'ஹி ஷுட் டேக்' என்பது அதிகம். அங்கே பலர் சாதாரண இறந்தகாலத்தையே போட்டும் பேசிவிடுவார்கள். அப்போது மருந்து குப்பியிலா வயிற்றிலா என்பதைப் பேச்சின் சூழலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு அமெரிக்க வழியே குழப்பமில்லாதது என்று நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

அடித்துச் சொல்லும் வேலையில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஆங்கிலச் செய்தித்தாளில் 'பணத்தட்டுப்பாடு இல்லை என்று அமைச்சர் செட்', அதாவது சொன்னார், என்று இருந்தால் அது வெறும் தகவல். 'இன்சிஸ்டட்' என்று இருந்தால், தட்டுப்பாடு இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், செய்தியாளருக்கு அது தெரியும் என்று பொருள். எதிர்ப்போ சந்தேகமோ இல்லாத இடத்தில் இந்தச் சொல் வராது. ஒருவர் தன் பெயரைச் சொன்னதற்கு 'இன்சிஸ்டட்' போட்டுப் பாருங்கள். அது இவர் பெயர் இல்லை என்று யார் சொன்னது என்று உடனே கேட்கத் தோன்றும்.

அன்றாடப் பேச்சுக்கு வருவோம். 'ஹி இன்சிஸ்ட்ஸ் ஆன் காலிங் மீ ஜானி' என்று ஒருவர் சொன்னால், அந்த நண்பர் யாரிடமும் எதையும் கோரவில்லை. வேண்டாம் என்று சொன்ன பிறகும் விடாமல் அப்படியே கூப்பிடுகிறார். பேசுபவரின் சலிப்பு 'ஆன்' என்ற அந்தச் சின்னச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அம்மா பிள்ளையிடம் 'இஃப் யூ வில் இன்சிஸ்ட் ஆன் ஈட்டிங் ஸோ லேட்' என்று 'வில்'லை அழுத்திச் சொன்னால், 'இவ்வளவு நேரம் கழித்துத்தான் சாப்பிடுவேன் என்று நின்றால் வயிறு என்னத்துக்காகும்' என்று அர்த்தம்.

இதே சொல் அன்பாகவும் வரும். உணவகத்தில் பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு 'நோ, நோ, ஐ இன்சிஸ்ட்' என்பார் ஒருவர். மற்றவர் 'வெல், இஃப் யூ இன்சிஸ்ட்' என்று இறங்கிவருவார். நம் வீட்டில் இலையை மறைத்துக்கொண்டு 'போதும் போதும்' என்பவருக்கு இன்னும் ஒரு கரண்டி விழுகிற மாதிரிதான். எதிரே இருப்பவருக்கு நல்லது செய்யும்போது 'ஐ இன்சிஸ்ட்' இனிக்கும். நமக்கு ஒன்று வேண்டும்போது அதே வாக்கியம் கசக்கும். என் மாணவி சிக்கியது இந்த இடத்தில்தான். அவளுக்கு வேண்டியிருந்தது 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் ஃபார் எ ரிப்ளை' என்ற வாக்கியம். அடுத்த மடலில் அதைத்தான் எழுதினோம்.

இந்தச் சொல்லின் முழு பலத்தையும் பார்க்க வேண்டுமானால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும். பிரபுக்கள் அவை ஒரு மசோதாவில் திருத்தம் செய்கிறது. மக்களவை ஏற்க மறுத்துக் காரணம் எழுதி அனுப்புகிறது. திருத்தம் வேண்டும் என்று ஓர் அவையும் வேண்டாம் என்று மற்ற அவையும் மாற்று யோசனை எதுவும் இல்லாமல் அப்படியே நின்றுவிட்டால் மசோதா செத்துப்போகும். அதற்குப் பெயரே 'டபுள் இன்சிஸ்டன்ஸ்'. புகலிடம் தேடி வந்தவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பும் மசோதா 2024-இல் இப்படித்தான் இரண்டு அவைகளுக்கும் நடுவே பலமுறை போய்வந்தது. கடைசியில் ஏப்ரல் 22 அன்று இரவு வெகுநேரம் கழித்துப் பிரபுக்கள் விட்டுக்கொடுத்தார்கள்.

விட்டுக்கொடுப்பதற்கு அங்கே ஒரு வாசகம் இருக்கிறது: 'தட் திஸ் ஹவுஸ் டூ நாட் இன்சிஸ்ட் ஆன் இட்ஸ் அமெண்ட்மெண்ட்.' 'ஹவுஸ்' ஒருமை, இருந்தாலும் 'டஸ்' வரவில்லை, 'டூ' வருகிறது பாருங்கள். மருந்து வாக்கியத்தில் 'டேக்' செய்த அதே வேலை. முழுதாக விட்டுக்கொடுக்க மனம் இல்லையென்றால், பழைய திருத்தத்தில் நிற்கவில்லை என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் அதற்குப் பதிலாக வேறொன்றை முன்வைப்பதாகவும் சேர்ப்பார்கள். அப்புறம் காகிதம் மறுபடியும் மக்களவைக்குப் போகும். ஊன்றியிருந்த காலை எடுத்துவிட்டு மற்றக் காலில் நிற்கிறார்கள்.