சேர்ந்து வாழ ஒரு மனு

நேயர்களுக்கு வணக்கம். குடும்ப வழக்குகளிலேயே முப்பது வருடத்துக்கு மேல் உழன்றவள் நான். நீதிமன்ற வராந்தாவில் நின்றால் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "அவர் சேர்ந்து வாழ மனு போட்டிருக்காரு." கட்டைப் பிரித்தால் உள்ளே எப்போதும் அதே பல்லவிதான்: மனைவி தகுந்த காரணமின்றிப் பிரிந்து வாழ்கிறார், என்னோடு வந்து வாழ உத்தரவிட வேண்டும். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம், 9ஆவது பிரிவு. மனைவியும் போடலாம், போடுகிறார்கள். அதை மறைக்கவில்லை.

கூட வரும் பெரியவர்கள், "காலங்காலமா நம்ம வழக்கம்தானேம்மா" என்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நாலு பேர் உட்கார்ந்து பேசிச் சமாதானம் செய்து அனுப்புவது நம் வழக்கம், சரி. ஆனால் கோர்ட்டு உத்தரவு வாங்கிப் பெண்டாட்டியைக் கூட்டிப் போவது? அது இங்கிலாந்தின் தேவாலய நீதிமன்றங்களில் இருந்த முறை. கப்பலேறி வந்த சரக்கு.

இந்த இடத்தில் ருக்மாபாயைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. என் ஜூனியர்களுக்கு இது மனப்பாடம், பாவம்.

பம்பாய்ப் பெண். 11 வயதில் கல்யாணம். மாப்பிள்ளை தாதாஜிக்கு 19. புகுந்த வீட்டுக்குப் போகாமல் அம்மா வீட்டிலேயே வளர்ந்தாள், படித்தாள். அம்மாவின் இரண்டாவது கணவர் ஒரு டாக்டர், நல்ல மனிதர். அவள் வளர்ந்து ஆளான பிறகு, 1884இல், "என் மனைவியை அனுப்புங்கள்" என்று தாதாஜி கோர்ட்டுக்குப் போனார். அவள் வரமாட்டேன் என்றாள். விவரம் தெரியாத வயதில் நடந்த கல்யாணத்துக்கு நான் கட்டுப்பட்டவளா? கேள்வி இவ்வளவுதான்.

முதலில் விசாரித்த நீதிபதி பின்ஹே அவள் பக்கம் நின்றார். சேர்ந்தே வாழாதவர்களை எப்படி "மீண்டும்" சேர்த்து வைப்பது? இழந்ததைத்தானே மீட்க முடியும்! எனக்கு மிகவும் பிடித்த வாதம் இது. இன்னொன்றும் கவனியுங்கள். இப்படிப்பட்ட உத்தரவுக்குப் பணியாதவர்களைச் சிறையில் போடுவதை இங்கிலாந்து கைவிட்டதும் அதே 1884இல்தான். அங்கே வேண்டாமென்று கழித்ததை இங்கே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மேல்முறையீட்டில் தீர்ப்பு கவிழ்ந்தது. 1887 மார்ச்சில் நீதிபதி ஃபாரன் சொன்னார்: ஒரு மாதத்துக்குள் கணவரிடம் போ, இல்லையென்றால் ஆறு மாதம் சிறை. சிறைக்கே போகிறேன் என்றாள். 22, 23 வயசுப் பெண்! திலகர் போன்ற பெரியவர்களே அவளுக்கு எதிராக எழுதிக்கொண்டிருந்த நேரம்.

விக்டோரியா மகாராணியே தலையிட்டுக் கல்யாணத்தை ரத்து செய்தார் என்று ஒரு கதை உலவுகிறது. நம்பாதீர்கள். 1888இல் 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு தாதாஜி ஒதுங்கினார், வேறு கல்யாணமும் செய்துகொண்டார். ருக்மாபாய் லண்டனில் படித்து டாக்டராகி சூரத்தில் வேலை பார்த்தார். இனி "அவர்" என்றுதான் சொல்ல வேண்டும், டாக்டரம்மா ஆயிற்றே. 1904இல் தாதாஜி இறந்தபோது அவர் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டார். வாழவே மாட்டேன் என்று சிறைக்குத் துணிந்தவர், அந்த மனிதருக்காக விதவைக் கோலம் பூண்டார். ஏன்? இத்தனை வருடமாக யோசிக்கிறேன், எனக்குப் பிடிபடவில்லை.

அந்த வழக்கு கிளப்பிய சூடு அடங்குவதற்குள் 1891இல் சம்மத வயதுச் சட்டம் வந்தது, அதாவது பெண் உடலுறவுக்குச் சம்மதிக்கும் குறைந்தபட்ச வயதைச் சொல்லும் சட்டம். 10 வயது என்றிருந்ததை 12 ஆக்கினார்கள். அதற்கே நாடு கொந்தளித்தது. பத்து பன்னிரண்டானதற்கு! 1929இல் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம், கல்யாண வயது பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18.

சரி, 9ஆவது பிரிவு என்ன ஆயிற்று? இங்கிலாந்து 1970இல் அதன் மூலத்தையே ஒழித்துவிட்டது. 1983இல் ஆந்திர உயர் நீதிமன்றம் இது செல்லாது என்றது. அடுத்த வருடமே உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. இப்போது பணியாவிட்டால் சிறை கிடையாது, சொத்தை ஜப்தி செய்யலாம்.

அப்புறம் நம்மூர் சுயமரியாதைத் திருமணம். 1967இல் அதற்குச் சட்ட ஏற்பு கிடைத்தது, அதுவரை அப்படி மணந்தவர்களின் பாடு... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டிவிட்டார்கள். அதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன், ருக்மாபாய் நேரத்தைத் தின்றுவிட்டார். வணக்கம்.