பெட்டி தள்ளிப்போடும், கை முடித்துவைக்கும்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, தங்கையே, எங்கள் பேச்சுக்காகவோ தெப்பக்குளத்துக் காற்றுக்காகவோ இந்தக் கீழ்க்கரைத் தெருவை நிறைத்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். வீட்டில் மிஞ்சும் உணவை வீணாகாமல் காப்பது குளிர்சாதனப் பெட்டியே என்று எதிரணியினர் மூவரும் பேசி அமர்ந்துவிட்டார்கள். கைப்பக்குவமே என்று சொல்லும் அணியின் நிறைவுப் பேச்சாளராக நான் நிற்கிறேன்.

என் வீட்டிலும் அந்தப் பெட்டி இருக்கிறது என்பதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் தெருக்காரர்கள் யாராவது எழுந்து சொல்லிவிடுவார்கள். சென்ற பொங்கலுக்கு முன் வீட்டை ஒழுங்குசெய்தபோது அதன் கடைசித் தட்டின் மூலையில் மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணம் ஒன்று அகப்பட்டது. திறந்து பார்த்தேன். வத்தக்குழம்பா, புளிக்காய்ச்சலா, என்றோ வதக்கிய தொக்கா என்று, நானே சமைத்த பொருள் எனக்கே அடையாளம் தெரியவில்லை. வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தோடுதான் அதை உள்ளே வைத்திருப்பேன். உள்ளே வைத்ததுமே கடமை முடிந்துவிட்டதாக என் மனம் ஆறிவிட்டது, அங்கேதான் தவறு. குப்பைக்குப் போக வேண்டியதற்குப் பெட்டி மூன்று வாரம் தவணை கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் அணி சொல்ல வந்தது இதுதான்: பெட்டி தள்ளிப்போடும், கைதான் முடித்துவைக்கும். மிஞ்சிய சோறு காப்பாற்றப்பட்டது என்று சொல்ல வேண்டுமானால் அது யாருடைய வயிற்றுக்காவது போயிருக்க வேண்டும். குளிர்ந்திருந்தால் மட்டும் போதாது.

எதிரணித் தலைவர், வெளியில் கிடக்கும் சோறு நஞ்சாகும் என்று அழுத்தமாகச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. அதை நான் மறுத்தால் இந்தக் கூட்டத்தில் நான்கு பேருக்காவது நான் கேடு செய்தவளாவேன். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கும். உலைக்கொதிப்பிலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சில் ஒரு வகை மறுபடி சுட வைத்தாலும் அழியாது. ஆகவே 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட சூட்டில் சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. சித்திரை மாதத்து மதுரையில் அடுப்பங்கரை எந்நேரமும் அந்த இடைப்பட்ட சூட்டில்தான் இருக்கிறது.

ஆனால் தலைவர் ஒரு கேள்வியைக் கேட்காமல் அமர்ந்துவிட்டார். பகல் பன்னிரண்டு மணிக்கு வடித்த சோறு இரவு ஒன்பது மணி வரை மேடையிலேயே கிடந்து, படுக்கப் போகும்முன் நினைவு வந்து பெட்டிக்குள் தள்ளப்படுகிறதே, அந்தச் சோற்றில் அதற்குள் ஊறிவிட்ட நஞ்சைப் பெட்டி எடுத்துவிடுமா? எடுக்காது. அதை மறுநாள் காலையில் நன்றாகச் சுட வைத்து, பெட்டியில் இருந்ததுதானே என்று நம்பி, பிள்ளையின் மதியச் சாப்பாட்டுக்கும் கட்டிவிடுகிறோம். குண்டான் நிறையச் சூடான சோற்றை அப்படியே உள்ளே வைத்தாலும் நடுச்சோறு ஆற வெகுநேரம் ஆகும். அகலத் தட்டில் பரப்பி ஆற்றி வைக்க வேண்டும். எப்போது வைப்பது, எப்படி வைப்பது, எதை வைக்காமல் கொட்டுவது என்பதையெல்லாம் பார்ப்பது யார்? பெட்டிக்கு எல்லாப் பாத்திரமும் ஒன்றுதான், நல்லதையும் கெட்டதையும் ஒரே மரியாதையோடு உள்ளே வாங்கிக்கொள்ளும்.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் அப்பத்தா மிஞ்சிய பண்டத்துக்கு மூன்று சொல் வைத்திருந்தார். "புளிச்சிருக்கு" என்றால் அது உண்ணத் தக்கது, அன்றே வேறு பண்டமாக வேண்டியது. "சளிச்சிருக்கு" என்றால் மாட்டுக்கான கழனிப் பானைக்கு. "ஊசிப்போச்சு" என்றால், அதாவது விரலில் தொட்டால் நூல் நூலாக வருமானால், அதை மாட்டுக்கும் காட்டக் கூடாது, குப்பைக்குழிக்குத்தான். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்று இந்த மூன்றும் சேர்ந்து "கெட்டுப்போச்சு" என்ற ஒரே சொல்லாகிவிட்டது. சொல் போனதும் அந்த வேறுபாட்டை அறியும் அறிவும் போய்விட்டது. அப்பத்தாவின் மூக்கை மட்டும் நம்பிப் பிழைத்துவிடலாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். சற்றுமுன் சொன்ன அந்த நஞ்சு வாடை காட்டாமலும் இருக்கும். ஆகவே மூக்கோடு கடிகாரத்தையும் சேர்த்துக்கொள்வதுதான் இன்றைக்குக் கைப்பக்குவம்.

பழைய சோற்றை எடுத்துக்கொள்வோம். "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்று தங்கை கேலி செய்தார், கைதட்டலும் வாங்கினார். மாலை வடித்த சோற்றை ஆறியவுடன் மண்பானையில் போட்டு, சோறு முழுகி மேலே நான்கு விரற்கடை நிற்கும்படி நல்ல தண்ணீர் ஊற்றி, மெல்லிய துணியால் வாயைக் கட்டி வைப்பார்கள். நீருக்குள் இருக்கும் சோற்றில் புளிப்பை உண்டாக்கும் லாக்டிக் அமில நுண்ணுயிரிகள் பெருகுகின்றன; புளிப்பு ஏற ஏறக் கெடுக்கும் உயிரிகளுக்கு அங்கே வாழ்வு கடினமாகிறது. வெறுமனே மூடி வைத்த சோற்றுக்கு இந்தக் காவல் இல்லை. சோறு ஒன்றுதான், வேறுபாடு ஒரு செம்புத் தண்ணீரும் அதை ஊற்றிய நேரமும். காலையில் நீச்சத்தண்ணியை வடித்து உப்புப் போட்டுக் குடித்துவிட்டு, சோற்றைப் பிசைந்து, சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் கடித்துக்கொண்டு வயலுக்குப் போனவர்கள் வைகைக் கரையில் எத்தனை தலைமுறை! அதைச் சகல நோய்க்கும் மருந்து என்று சிலர் ஏற்றிச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அது நல்ல காலை உணவு, அந்தப் பெருமையே அதற்குப் போதும்.

அந்தப் பழையதுக்குத் தொட்டுக்கொள்ள வந்ததுதான் சுண்டவைத்த குழம்பு. இரவு மீந்த புளிக்குழம்பையோ மீன்குழம்பையோ, சோறும் கரண்டியின் எச்சிலும் படாமல் மண்சட்டிக்கு மாற்றி, இளந்தீயில் வைத்து, அடி பிடிக்காமல் நடுநடுவே கிளறிவிட வேண்டும். தண்ணீர் வற்ற வற்றப் புளியும் உப்பும் காரமும் செறிந்து, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து, குழம்பு சட்டியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்போது இறக்க வேண்டும். நுண்ணுயிரி வாழத் தேவையான தண்ணீரை அடுப்பு பறித்துக்கொள்கிறது, மிச்சத்தைப் புளியும் உப்பும் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் தேங்காய் அரைத்த குழம்பையும் பருப்புச் சாம்பாரையும் இந்த நம்பிக்கையில் வைக்கக் கூடாது, அவை விரைவில் ஊசிப்போகும். எது தாங்கும், எது தாங்காது என்ற இந்தப் பாகுபாட்டைத்தான் நான் கைப்பக்குவம் என்கிறேன். தாளிக்கத் தெரிவது மட்டும் கைப்பக்குவம் ஆகாது.

அடுத்து, பங்குனி பிறந்துவிட்டால் மதுரை மொட்டைமாடிகளில் எந்தப் பெட்டியும் செய்ய முடியாத வேலை ஒன்று தொடங்கும். மிஞ்சிய சோறு இரண்டு குவளை என்றால், இரவே நீரில் போட்டு வைத்திருந்து, விடிந்ததும் நீரை ஒட்ட வடித்துவிட்டு, மூன்று நான்கு பச்சைமிளகாய், ஒரு தேக்கரண்டி சீரகம், உப்பு சேர்த்துக் கெட்டியாக அரைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்தால் உப்பும் காரமும் தூக்கலாகத் தெரியும் என்பதால் இரண்டையும் அரை மாற்றுக் குறைத்தே போட வேண்டும். முதல்முறை செய்கிறவர்கள் எல்லோரும் தவறுவது இங்கேதான், நானும் தவறினேன். பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, வெயில் ஏறுமுன் மாவைக் கிள்ளி வைத்துவிட்டால், இரண்டு மூன்று நாளில் கல்லாகக் காய்ந்துவிடும். துணியின் பின்புறம் தண்ணீர் தெளித்தால் வற்றல் தானாக விட்டுவரும். அதை மீண்டும் ஒரு வெயில் காட்டி டப்பாவில் அடைத்தால் ஐப்பசி மழையில் பொரித்துச் சாப்பிடலாம். ஒரு யூனிட் மின்சாரம் செலவில்லை. காக்கைக்குக் காவல் இருக்க ஒரு பேரப்பிள்ளை வேண்டும், அதற்குக் கூலி கிள்ளி வைத்த மாவில் ஒரு வாய்.

இட்லி உப்புமாவில் எதிரணிக்கு ஒரு மதிப்பெண்ணை நானே கொடுத்துவிடுகிறேன். சூடான இட்லியை உதிர்த்தால் களியாகக் கையில் ஒட்டும், ஆறிய இட்லி பொலபொலவென்று உதிரும். வெந்த மாவுச்சத்து ஆறும்போது இறுகிவிடுவதே காரணம், பெட்டியின் குளிரில் அது இன்னும் விரைவாக இறுகும். எலுமிச்சைச் சோற்றுக்கு ஆறிய சோறு பருக்கை பருக்கையாக நிற்பதும் இதனால்தான். ஆகவே பெட்டி நல்ல எடுபிடி. ஆனால் காலையில் கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்து, வெங்காயம் கறிவேப்பிலை வதக்கி, அந்த உதிர்த்த இட்லியைப் புரட்டி இறக்க ஆள் இல்லையென்றால், இறுகிய இட்லி நான்காம் நாள் இறுகிய குப்பைதான். ஆட்டிய மாவும் அப்படியே. உள்ளே வைத்தாலும் மெல்லப் புளித்துக்கொண்டுதான் இருக்கும். தோசைக்கு ஆகாத அளவுக்குப் புளித்த மாவில் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கிப் போட்டுக் குழிப்பணியாரமாக்குவது யார்? ஆறிப்போன பரோட்டா தோல்போல விறைத்துப் பிய்க்க முடியாமல் கிடக்கும். அதே பரோட்டா முட்டையும் சால்னாவும் சேர்ந்து கல்லில் கொத்துப்படும் ஓசையைக் கேட்டு இரவு பதினொரு மணிக்கும் நம் ஊரில் ஆள் நிற்கிறார்கள்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர், நாடு முன்னேறி வீட்டுக்கு வீடு பெட்டி வந்துவிட்டால் உணவு வீணாவது நின்றுபோகும் என்றார். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வீணாதல் குறித்த அறிக்கையை அவருக்கு முன்வைக்கிறேன். 2022ஆம் ஆண்டில் உலக வீடுகளில் ஆளுக்குச் சராசரி 79 கிலோ, இந்திய வீடுகளில் 55 கிலோ என்பது அதன் கணிப்பு. இதில் தோலும் கொட்டையும் எலும்பும் அடக்கம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அதே அறிக்கை, செல்வ நாடுகளுக்கும் நடுத்தர வருமான நாடுகளுக்கும் இடையே வீட்டு வீணாதலில் ஆளுக்கு ஏறத்தாழ 7 கிலோதான் வேறுபாடு என்கிறது. வீட்டுக்கு வீடு பெட்டி வைத்திருக்கும் நாடுகளிலும் தட்டுத் தட்டாகக் கொட்டுகிறார்கள் என்றால், பெட்டி மட்டும் போதவில்லை என்றுதானே பொருள்? வெப்பமான நாடுகளில் வீணாதல் கூடுதலாகத் தெரிவதற்குக் குளிர்வசதிக் குறைவும் காரணமாக இருக்கலாம் என்ற வரியும் அந்த அறிக்கையிலேயே உண்டு. எதிரணி அதைப் படித்துக்கொண்டு வந்திருந்தால் எனக்கு இன்றைக்கு வேலை கொஞ்சம் கடினமாகியிருக்கும்.

மின்தடையைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம்தான் பெட்டியின் குளிர் தாங்கும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்கு நிறுத்தினால் எத்தனை மணிக்கு வரும் என்பது இங்கே அமர்ந்திருப்பவர்களுக்குத் தெரியும்.

கடைசியாக, வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று தங்கை கேட்டார். நானும் வேலைக்குப் போனவள்தான். இட்லியை உதிர்த்துத் தாளிக்கப் பத்து நிமிடம், சோற்றில் தண்ணீர் ஊற்ற ஒரு நிமிடம். ஆனால் அந்தக் கேள்வியில் எனக்கு உறுத்துவது நேரக் கணக்கு அன்று. கைப்பக்குவம் என்றதும் அது பெண்ணின் கைதான் என்று யார் தீர்ப்பெழுதினார்கள்? எங்கள் வீட்டில் குழம்பைச் சுண்டவைப்பவர் என் கணவர். மீன்குழம்பு என்றால் என்னை அடுப்புப் பக்கமே விடுவதில்லை. எதிரணி அண்ணன்மார்கள் இருவரையும் பார்த்துக் கேட்கிறேன், உங்கள் வீட்டுப் பெட்டியில் இந்த நிமிடம் எந்தக் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று இந்த ஒலிபெருக்கியில் சொல்ல முடியுமா? தெரியாததால்தான் பெட்டியை இவ்வளவு நம்புகிறீர்கள்.

நடுவர் அவர்களே, மணியின் மேல் கை வைத்துவிட்டீர்கள், எனக்கு வருத்தமில்லை. மாலை ஆறரை மணிக்குச் சோறு வடித்து, தட்டில் பரப்பி ஆற விட்டுவிட்டு இந்த மேடைக்கு வந்தேன். இரண்டு மணி நேரக் கணக்குக்கு இன்னும் கால் மணி பாக்கி இருக்கிறது, வீடு இரண்டு தெரு தள்ளித்தான். தீர்ப்பை என் அணியினர் கேட்டுச் சொல்வார்கள். நான் போய்ச் சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன். வணக்கம்.