வாசலைச் சாத்தியது யார்?

நடுவர் ஐயா அவர்களே, நெல்லிக்குப்பத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்!

'சிறுநகர அரசுப் பள்ளிகளில் சேர்க்கை குறையக் காரணம் பெற்றோரின் மோகமா, அரசின் ஏற்பாடா?' இதுதான் தலைப்பு. 'தனியார் பள்ளி மோகம்தான்' என்று பேச எதிரணித் தலைவர் வந்தார். டை, ஷூ, மஞ்சள் வேன், 'மம்மி' என்று வெளுத்து வாங்கினார். நானே கைதட்டினேன், பேச்சு அவ்வளவு சுவை! ஆனால் கூண்டில் யாரை ஏற்றினார்? கரும்பு வெட்டவும் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கவும் போகிற தாயை!

அவள் மூன்றரை வயதுப் பிள்ளையோடு பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்குப் போகிறாள். "அஞ்சு வயசு ஆகட்டும்மா, ஒண்ணாவதுல சேர்த்துக்கறோம்" என்கிறார் தலைமையாசிரியர். பாவம், அவரிடம் எல்.கே.ஜி. இல்லை. 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2023இல் காலை உணவுத் திட்டம் எத்தனை பள்ளிக்குப் போனது தெரியுமா? 31,008! உப்புமா போய்ச் சேர்ந்த பள்ளிக்கெல்லாம் எல்.கே.ஜி. ஏன் போகவில்லை?

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு ஏழைப் பிள்ளைகளுக்கு. கட்டணம் அரசு தரும். நல்ல சட்டம்தான். ஆனால் அரசே பணம் கட்டி அனுப்பிய பிள்ளையையும் 'மோகத்தில் போச்சு' என்று எழுதுவதா?

அதே சட்டம் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. ஆகஸ்ட் 1 நிலவரப்படி கணக்கு. 61 பேர் இருந்த இடத்தில் 58 ஆனால் ஓர் ஆசிரியர் 'உபரி'. பணி நிரவல் என்று வேறு ஊருக்கு அனுப்புவார்கள். மிச்சம் இரண்டு பேர், ஐந்து வகுப்பு! அதில் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால், இன்னொருவர் எமிஸ் என்கிற இணையவழி மாணவர் விவரப் பதிவில் உட்கார்ந்துவிட்டால், பாடம் யார் நடத்துவது? தண்ணீர் குறைந்த கிணற்றில் கயிற்றையும் அறுத்துக்கொண்டு போகிற கதை ஐயா இது!

'தேர்ச்சி குறைவு' என்றார் நண்பர். "இவன் தேற மாட்டான்" என்று ஒன்பதாவதில் டி.சி. கொடுத்து அனுப்பப்படுகிற பையன் எங்கே வருகிறான்? அரசுப் பள்ளிக்கு. அவனையும் உட்கார வைத்துப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வைக்கிறார்கள். வடிகட்டி வாங்குகிற நூறு விழுக்காட்டோடு இதை ஒப்பிடலாமா?

மோகம்தான் காரணமென்றால் ஒன்று கேட்கிறேன். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு 2020இல் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரி போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டம் தருகிற மாதம் 1,000 ரூபாய்க்கும் தொடக்கத்தில் அதே நிபந்தனைதான். அதற்காகவே ஐந்தாவதோடு தனியாரை விட்டு வந்த பெற்றோர் இந்தக் கூட்டத்தில் இல்லையா? கையைத் தூக்குங்கள்! பாருங்கள் நடுவர் ஐயா... அந்த மோகம் எங்கே போனது?

எதிரணியிலிருந்து அடுத்துப் பேச வருகிறவர் வேறெதையும் சொல்வதற்கு முன்னால், அந்த மூன்றரை வயதுப் பிள்ளையை நாளைக் காலை இந்த ஊரில் எந்த அரசுப் பள்ளியில், எந்த வகுப்பில் சேர்ப்பது என்று சொல்லட்டும்!