கழுத்துக் கருப்பு அழுக்கில்லை

எல்லோருக்கும் வணக்கம். சின்ன வயதில் ஏறும் எடை, பின்னாளில் பெண்ணுக்குக் கரு தங்குவதை எப்படிப் பாதிக்கும் என்று இன்று பேசப்போகிறேன். அமெரிக்காவில், லூசியானா மாநிலத்தில் பொகலூசா என்று ஒரு சின்ன ஊர், காகித ஆலை ஊர். அங்கேயே பிறந்த ஜெரால்ட் பெரன்சன் என்ற இதய மருத்துவர், 1973-ல் அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளின் உடம்பை அளக்க ஆரம்பித்தார். பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வருவார்கள், ரத்தம் எடுப்பார்கள், எடை பார்ப்பார்கள், அப்புறம் ரத்த அழுத்தத்தை ஒருவர் மூன்று முறை, இன்னொருவர் மூன்று முறை, ஆக ஆறு முறை பார்ப்பார்கள். பயத்தில் ஏறிய அழுத்தத்தை நிஜம் என்று எழுதிவிடக் கூடாதே, அதற்காக அவ்வளவு பொறுமை.

அவர்களில் பெண் பிள்ளைகள் வளர்ந்து குடும்பம் நடத்தும் வயதுக்கு வந்த பிறகு, துலேன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களைத் தேடிப் பிடித்து, கர்ப்பம் எப்படி அமைந்தது என்று கேட்டார்கள். 12 வயதுக்கு முன்பே உடல் பருமன் இருந்தவர்களில், பின்னாளில் கரு தங்கச் சிரமப்பட்டதாகச் சொன்னவர்கள் அதிகம். எல்லோருக்கும் அப்படி ஆகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதயத்துக்கும் சினைப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் என்ற ஹார்மோன்தான். உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது ரத்தத்தில் அது கூடிக்கொண்டே போகிறது, கூடிய இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்மை ஹார்மோனை அதிகம் சுரக்க வைக்கிறது, முட்டை முழுசாக முதிராமல் பாதியில் நின்றுவிடுகிறது, மாதவிலக்கு தள்ளிப் போகிறது. இதே கோளாறுதான் ரத்தக் கொழுப்பையும் அழுத்தத்தையும் ஏற்றி இதயத்தைப் படுத்துகிறது.

நாம் என்ன செய்கிறோம்? பத்து வயதில் 'பூசினாற்போல் இருக்கிறாள்' என்று கன்னத்தைக் கிள்ளுகிறோம், கல்யாணமான மூன்றாம் மாதமே 'விசேஷம் உண்டா' என்று அவளைக் குடைகிறோம். நடுவில் ஒருநாளாவது அவளுக்கு ரத்த அழுத்தம் பார்த்தோமா? எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

சில பிள்ளைகளுக்குப் பின்கழுத்தில் வெல்வெட் போலக் கருப்புப் படரும். அழுக்கு என்று பயத்தமாவு போட்டுத் தேய்ப்போம், அவள் வலிக்குது என்று நெளிவாள். பல பிள்ளைகளுக்கு அது இன்சுலின் கூடியதன் அடையாளம். தேய்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்காகப் பட்டினியும் போடாதீர்கள், எடை ரொம்பக் குறைந்தாலும் மாதவிலக்கு நின்றுபோகும். சாயங்காலம் டியூஷனுக்கு முன்னால் ஒரு மணி நேரம் அவளை ஓடி விளையாட விடுங்கள்.