தண்டனை எழுதாத குற்றம்

நண்பர்களே, வணக்கம். ஒரு வீடியோ கேமின் அறத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் "வீடியோ கேமில் என்னய்யா அறம்?" என்று முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். நியாயமான சிரிப்புதான். நான் ஒரே ஒரு கணினிக் கோப்பைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

'டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ்' என்று ஒரு விளையாட்டு. டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் உருவாக்கி, 2006-இல் இலவசமாக வெளியிட்டார்கள். அப்போது அதில் படமே கிடையாது. திரை முழுக்க எழுத்துகளும் குறிகளும்தான். படங்களோடு ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் விற்பனைக்கு வந்தது 2022 டிசம்பரில். மலையைக் குடைந்து வாழும் குள்ளர்களின் கோட்டையை நாம் நிர்வகிக்க வேண்டும். அவ்வளவுதான் கதை.

அதன் கோப்புறைக்குள் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு இருக்கிறது. நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். ஒவ்வொரு சமூகத்தின் ஒழுக்கமும் அதில் வரி வரியாக எழுதியிருக்கிறது. திருட்டு, கொலை, துரோகம், சித்திரவதை, அடிமை வைத்தல், மரம் வெட்டுதல் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தீர்ப்பு. சரி, தப்பு என்ற இரண்டோடு அது முடிவதில்லை. 'ஏற்கத்தக்கது', 'அவரவர் சொந்த விஷயம்', 'தற்காப்புக்கு என்றால் சரி', 'ஒதுக்கிவைக்க வேண்டியது', 'நாடுகடத்தல்', 'மரண தண்டனை' எனப் படிப்படியாக ஏறுகிறது. மரண தண்டனைக்கும் மேலே ஒரு படி உண்டு: 'நினைத்தும் பார்க்க முடியாதது'.

நான் மாட்டிக்கொண்டது அந்தப் படியில்தான். திருடினால் குள்ளர்கள் கடுமையாகத் தண்டிப்பார்கள். அடிமை வைத்தால் உயிரே போகும். கொன்ற எதிரியின் உடலைத் தின்றால்? அதற்குத் தண்டனையே எழுதவில்லை. சட்டம் போடுவதென்றால் எவனோ ஒருவன் அதைச் செய்வான் என்ற சந்தேகமாவது வேண்டுமே. அந்தச் சந்தேகமே அவர்களுக்கு வரவில்லை.

காட்டில் வாழும் எல்ஃப்கள் என்ற இன்னொரு இனத்தின் பக்கத்தைப் பாருங்கள். எதிரியைத் தின்பது அங்கே 'ஏற்கத்தக்கது'. மரத்தை வெட்டுவதுதான் 'நினைத்தும் பார்க்க முடியாதது'. காப்ளின்கள் என்ற கொடிய இனத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பொழுதுபோக்குக்காகச் சித்திரவதை செய்வதும் அவர்களுக்குச் சம்மதமே. விளையாட்டு தொடங்கும் முன்பே கணினி அந்த உலகத்தின் நீண்ட வரலாற்றை ஓட்டிப் பார்க்கிறது. அதில் நடக்கும் போர்களில் பல, இந்த வரிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் வருபவை.

எனக்கே நடந்தது சொல்கிறேன். என் கோட்டைக்கு எல்ஃப் வணிகர்கள் வந்தார்கள். நல்ல கல் கோப்பைகளாகப் பொறுக்கி, பெட்டியோடு நீட்டினேன். பெட்டி மரப்பெட்டி! கோப்பையை அவர்கள் பார்க்கவே இல்லை. முகம் சுளித்துக்கொண்டு மூட்டையைக் கட்டிக் கிளம்பிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். அப்புறம் யோசித்தால், விருந்துக்குப் போன இடத்தில் எதில் பரிமாறினார்கள் என்று பார்த்துவிட்டுக் கை நனைக்காமல் எழுந்து வந்தவர்கள் நம் வீடுகளிலும் இருந்திருக்கிறார்கள்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். கோட்டை வளர்ந்ததும் ஒரு பிரபு முளைப்பார். கண்ணாடிப் பொருள் செய் என்று ஆணை போடுவார். கோட்டையைச் சுற்றி ஒரு பிடி மணல் இருக்காது. கெடு முடிந்ததும் அடி வாங்குவது ஒன்றும் அறியாத ஏதோ ஒரு தொழிலாளி. இரண்டு முறை பொறுத்தேன். மூன்றாம் முறை ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, பிரபுவின் படுக்கையறைக்குத் திருப்பிவிட்டேன். மதகைத் திறக்கும் நெம்புகோலை இழுத்ததும் ஒரு குள்ளன்தான். நான் வேலை கொடுத்தேன், அவன் இழுத்தான்.

விசாரணை நடக்கவில்லை. கொலைக்கு மரண தண்டனை என்று எழுதிவைத்த சமூகம்தான் அது. ஆனால் மேலே உட்கார்ந்து மௌஸைத் தட்டுகிறவனுக்கு அந்தக் கோப்பில் வரி இல்லை.

குள்ளர்களுக்குக் கைவேலை என்றால் உயிர். கோட்டையில் நடந்ததை எல்லாம் சுவரில் செதுக்கி வைப்பார்கள். சில மாதம் கழித்துச் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் புதிதாக ஒரு சிற்பம். என்னவென்று தட்டிப் பார்த்தேன்: பிரபு தண்ணீரில் மூழ்கிச் சாகும் காட்சி. அதன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட குள்ளன் ஒருவனின் மனநிலைக் குறிப்பையும் திறந்தேன். அருமையான வேலைப்பாட்டைப் பார்த்து மகிழ்ந்தான் என்றிருந்தது.